வேகத்தில் மட்டும் சூடான வண்டி

பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஸ்பேனர் பிடிப்பதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதை உங்கள் கையே கற்றுக்கொள்ளும். ஒரு வண்டியைப் பிரிப்பதற்கு முன்னால் என்ன செய்கிறோம் என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பிரித்த பிறகு செய்யும் தவறுகளைவிட, பிரிப்பதற்கு முன் செய்யும் தவறுகள்தான் இந்தத் தொழிலில் அதிகம்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் என் பட்டறை இருந்தது. தொண்ணூறுகளில் தொடங்கி, இடுப்பு ஒத்துழைக்காமல் போகும்வரை நடத்தினேன். வந்தவை பெரும்பாலும் கைமாறிய பெரிய வண்டிகள். நீங்கள் எஸ்யூவி என்று சொல்வதை நாங்கள் மொத்தமாக ஜீப் என்போம். கல் குவாரியில் ஓடி அலுத்தவை, அணுமின் நகரியத்தில் வேலை பார்ப்பவர்கள் மாற்றலாகும்போது விற்றுவிட்டுப் போனவை, கடற்கரை ஓட்டல்கள் கழித்துவிட்டவை. ஸ்டீயரிங் நடுங்கும், கரும்புகை கக்கும், பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். இவை எல்லாம் எண்ணி முடிக்கக்கூடிய கோளாறுகள்தான். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பழைய வண்டியைக் கொண்டுவருபவர் கோளாறோடு நிற்பதில்லை. குற்றவாளியின் பெயரையும் கையோடு கொண்டுவருவார். விற்றவன் ஏமாற்றிவிட்டான், போன மெக்கானிக் கெடுத்துவிட்டான், டிரைவர் எண்ணெய் பார்க்கவில்லை. வண்டியின் மூடியைத் திறக்கும் முன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டிருக்கும்.

முட்டுக்காட்டில் கடலைப் பார்த்த பங்களா ஒன்றின் வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகாது. உரிமையாளர் பேட்டரிக்கு மேல் பேட்டரி மாற்றிவிட்டு, கடைக்காரர் பழைய சரக்கைத் தள்ளிவிடுவதாகச் சண்டைக்குப் போய்க்கொண்டிருந்தார். இன்ஜினிலிருந்து சட்டத்துக்குப் போகும் எர்த் பட்டையைக் கழற்றிப் பார்த்தேன். உப்புக் காற்றில் பச்சை பூத்து, தொட்டதும் பொடிந்தது. இரவெல்லாம் பனி இறங்கிய காலை நேரத்தில் மட்டும் அது மின்சாரத்தை விடாது. வெயில் ஏறினால் ஒழுங்காகிவிடும். புதுப் பட்டை ஒன்றில் வேலை முடிந்தது. பேட்டரிக் கடைக்காரரிடம் அவர் மன்னிப்புக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்க மாட்டார்.

இன்னொரு வண்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையை அகலமாக்கி, புதுத் தாரில் வண்டிகள் பறக்கத் தொடங்கியிருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பச்சை நிற டீசல் ஜீப் ஒன்று பட்டறைக்குள் வந்தது. பின்னாலேயே ஒரு மோட்டார் சைக்கிள். ஜீப்பிலிருந்து தனசேகர் இறங்கினார். மாமல்லபுரத்துக்காரர், ஓட்டல் விருந்தினர்களை விமான நிலையத்திலிருந்து ஏற்றி வருபவர். கூடவே அவர் மனைவி அமுதா, அவர்களுடைய மூன்று வயதுப் பெண், தனசேகர் வழக்கமாகப் போகும் மாமல்லபுரத்து மெக்கானிக். மோட்டார் சைக்கிளில் வந்தவர் ஏகாம்பரம். அமுதாவின் அண்ணன். வேடந்தாங்கலுக்குப் பக்கத்தில் பயிர் வைத்துக்கொண்டு, மூட்டை ஏற்ற வண்டியும் வைத்திருந்தவர். இந்தப் பச்சை ஜீப்பைத் தங்கை கணவருக்கு விற்றவர் அவர்தான்.

நம் பக்கத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. வாங்கியவருடைய மெக்கானிக் ஒன்று சொல்லி, விற்றவரோ அவருடைய மெக்கானிக்கோ வேறொன்று சொன்னால், இரு தரப்புக்கும் வேண்டாதவரும் வேண்டியவரும் அல்லாத மூன்றாவது மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோவார்கள். அவர் சொன்னால் சொன்னதுதான். பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது. அன்று மூன்றாவது ஆள் நான்.

வழக்கு இதுதான். வண்டி கைமாறியதிலிருந்து இன்ஜின் சூடாகிறது. விருந்தினர்களோடு நடுச் சாலையில் ஆவி விட்டு நின்றிருக்கிறது. இன்னொரு தடவை நின்றால் வேறு வண்டி பார்த்துக்கொள்வதாக ஓட்டலில் சொல்லிவிட்டார்கள். மாமல்லபுரத்து மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார், வாட்டர் பம்ப் மாற்றினார், தண்ணீர் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றியே போட்டார். அப்படியும் நிற்கவில்லை. இன்ஜினின் தலைப்பகுதியான ஹெட்டில் விரிசல் இருக்கிறது, பிரித்துவிடலாம் என்பது அவர் முடிவு. ஹெட்டில் விரிசல் என்றால் அது இன்று நேற்று வந்ததாக இருக்காது. ஏகாம்பரம் தெரிந்தே தங்கை தலையில் கட்டிவிட்டார் என்று ஆகிவிடும்.

தனசேகர் அதைச் சொல்லியும்விட்டார், ஏகாம்பரத்தின் ஊரில், நாலு பேர் நடுவில். அதோடு விட்டிருந்தால் காலப்போக்கில் ஆறியிருக்கும். குழந்தைக்குத் தை மாதம் காதுகுத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். திருட்டுத்தனமாக வண்டி விற்றவன் மடி என் மகளுக்கு வேண்டாம் என்று தனசேகர் சொல்லிவிட்டார். திருடன் என்று சொன்னவன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று ஏகாம்பரம் சொல்லிவிட்டார். திருக்கழுக்குன்றத்து அச்சகத்தில் அழைப்புப் பத்திரிகை பாதி எழுத்துக் கோர்த்த நிலையில் கிடந்தது. தாய்மாமன் பெயர் வர வேண்டிய வரி காலி.

இதை எல்லாம் எனக்குச் சொன்னவர் அமுதா. ஆண்கள் மூவரும் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள்.

முதலில் இரு தரப்பையும் பேச விட்டேன்.

"எங்கிட்ட இருந்தவரிக்கும் ஒரு நாள் சூடானதில்ல. மதுராந்தகத்துக்கு நெல்லு மூட்ட ஏத்திகினு போயிக்கிறேன். கேட்டுப் பாரு, ஊரே சொல்லும்" என்றார் ஏகாம்பரம்.

தனசேகர் என்னைப் பார்த்துப் பேசினார். "அந்த ஆளு சொல்றத வுடுங்க அண்ணாத்த. எங்கிட்ட வந்த மொத வாரமே பொங்கிடுச்சி. அப்ப நான் இன்னா பொய் சொல்றனா?"

காலையிலிருந்து அவர் மச்சான் என்ற சொல்லை ஒரு முறைகூட எடுக்கவில்லை. அந்த ஆளு, இவங்க அண்ணன், வண்டிய வித்தவரு, இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒருவர் சூடாகவில்லை என்கிறார், இன்னொருவர் சூடாகிறது என்கிறார். கேட்பவருக்கு உடனே தோன்றுவது, இரண்டில் ஒருவர் பொய்யர் என்பது. நான் அதற்கு நேர்மாறாக ஆரம்பிப்பேன். இரண்டு பேருமே உண்மை சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வேன். அப்படியானால் வண்டி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போன சில நாட்களில் ஏதோ மாறியிருக்க வேண்டும். அது வண்டியில் இருக்கலாம், ஓட்டும் விதத்தில் இருக்கலாம், சாலையில் இருக்கலாம்.

ஆகவே ஏகாம்பரத்திடம் கேட்டேன், கொடுப்பதற்கு முன் வண்டியில் எதையாவது மாற்றினீர்களா என்று.

அவர் மைத்துனரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒண்ணும் பண்ணல. இருந்தது இருந்தபடி குடுத்தேன்" என்றார்.

பதில் சற்று வேகமாக வந்தது. அதை மனதில் குறித்துக்கொண்டேன். அதற்கு மேல் அப்போது கிளறவில்லை.

மாமல்லபுரத்து மெக்கானிக் ஹெட்டைப் பிரித்துவிடலாம் என்று மறுபடியும் சொன்னார். திறமையான ஆள்தான், அதுவரை அவர் செய்த வேலைகள் எல்லாம் முறையான வேலைகள். ஆனால் பிரித்துவிட்டால் வண்டி பேசாது. பழைய ஹெட்டைப் பிரித்தால் ஏதாவது ஒரு கீறல், ஒரு அரிப்பு கண்ணில் படாமல் இருக்காது. அதைக் கையில் எடுத்து இதுதான் என்று காட்டிவிடலாம். ஏகாம்பரம் திருடர் என்று அங்கேயே முடிவாகிவிடும். அது உண்மைதானா என்று பிறகு பரிசோதிக்கவும் வழி இருக்காது. வண்டி சூடாவதை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும், எல்லோரும் ஏறுங்கள் என்றேன்.

கிளம்பும் முன் அமுதா தண்ணீர்க் குடத்தருகே வந்தார். கை கழுவிக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, எதுனா ஒண்ணு சொல்லி முடிச்சி வுட்டுடுங்க. ரேடியேட்டர்ல இன்னும் அடைப்பு கீதுன்னு சொல்லுங்க. யாரு மேலயும் தப்பில்லன்னு ஆயிடும்."

"மறுபடி சூடானா?"

"அப்ப பாத்துக்கலாம். காதுகுத்து முடிஞ்சிருக்கும் இல்ல?"

நியாயமான கேள்வி. உங்களில் பலர் ஒப்புக்கொண்டிருப்பீர்கள். நானும் ஒரு நிமிடம் யோசித்தேன். ஒரு சின்னப் பொய்யில் ஒரு குடும்பம் சேர்ந்துவிடும். ஆனால் அந்தப் பொய் திரும்பவும் புதுச் சாலையில் ஆவி விட்டு நிற்கும். உள்ளே யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று தெரியாது. அப்போது ஏகாம்பரம் இரண்டு தடவை திருடர் ஆகியிருப்பார். ஒன்று வண்டியை விற்றதற்கு, இன்னொன்று மெக்கானிக்கைக் கையில் போட்டுக்கொண்டதற்கு.

"முதல்ல சூடாவட்டும்மா" என்று மட்டும் சொன்னேன்.

தனசேகர் ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பின்னால் ஒரு பக்கம் அமுதாவும் குழந்தையும், எதிரில் ஏகாம்பரமும் மெக்கானிக்கும். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும்வரை, டெம்பரேச்சர் முள் பாதிக்குக் கீழேயே நின்றது. மாமல்லபுரத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். சிற்பப் பட்டறைகளைக் கடந்து பஸ்ஸுக்குப் பின்னால் நகர்ந்து நகர்ந்து போனோம். வெயில் சரியாக உறைத்தது. முள் அசையவில்லை. காற்றாடி சரியாக இல்லாத வண்டி இந்த நெரிசலில்தான் பொங்கும். அது பொங்கவில்லை. ஒரு சந்தேக ஆசாமியை விடுவித்தாயிற்று.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறி வடக்கே திரும்பினோம். வழக்கமாக எந்த வேகத்தில் விருந்தினர்களைக் கூட்டிப் போவீர்களோ அதே வேகத்தில் போங்கள் என்றேன். தனசேகர் மிதித்தார். சவுக்குத் தோப்புகள் பின்னால் ஓடின. சற்று நேரத்தில் முள் எழுந்தது. பாதியைத் தாண்டியது. சிவப்புக் கோட்டை நோக்கிப் போயிற்று.

"பாத்துக்கங்க அண்ணாத்த. நல்லா பாத்துக்கங்க. பின்னாடி கீறவங்களும் பாத்துக்கட்டும்" என்றார்.

நிறுத்த வேண்டாம், சைக்கிள்காரர் முந்திப் போகிற வேகத்துக்குக் குறையுங்கள் என்றேன். குறைத்தார். முள் இறங்க ஆரம்பித்தது. கொஞ்ச தூரத்தில் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. மறுபடி வேகம், மறுபடி ஏற்றம். மறுபடி மெதுவாக, மறுபடி இறக்கம். சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளையைப் போல நடந்துகொண்டது.

மாமல்லபுரத்து மெக்கானிக்கைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் யோசித்துக்கொண்டிருந்தார். விரிசல் விட்ட ஹெட் இவ்வளவு சுலபத்தில் மன்னிக்காது என்று அவருக்கும் தெரியும். அவருக்குப் பக்கத்தில் ஏகாம்பரம் ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை எப்போதோ எதிர் வரிசைக்கு மாறி, மாமன் மடியில் ஏறித் தூங்கிவிட்டிருந்தது. அமுதா அதைப் பார்த்தார். கண்ணாடியில் தனசேகரும் பார்த்தார். யாரும் குழந்தையை எடுக்கவில்லை.

முட்டுக்காட்டுக்கு முன்னால் ஓர் இளநீர்க் கடையை ஒட்டி நிறுத்தச் சொன்னேன். சூடு தணியக் காத்திருந்து, ஈரச் சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். தண்ணீர் விளிம்புவரை இருந்தது. ஒரு சொட்டு குறையவில்லை. குமிழி இல்லை, எண்ணெய்ப் படலம் இல்லை. இன்ஜின் நிரபராதி என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தண்ணீர் இருக்கிறது, பம்ப் புதிது, ரேடியேட்டர் சுத்தம். ஆனாலும் வேகமாகப் போகும்போது மட்டும் தண்ணீர் ஓட்டம் நின்றுபோகிறது. வேகம் குறைந்ததும் திரும்ப ஓடுகிறது.

இந்த மாதிரிக் கோளாறு எப்போதும் நம்மை ஏமாற்றும். வண்டியை நிறுத்தி, இறங்கி, மூடியைத் திறந்து பார்க்கிறோம். நிறுத்திய கணத்தில் கோளாறு ஓடி ஒளிந்துவிடுகிறது. மெக்கானிக் வாழ்நாள் முழுவதும் நின்ற வண்டியையே பார்க்கிறார். வண்டிக்காரர் ஓடுகிற வண்டியில் அவதிப்படுகிறார்.

மற்றவர்கள் இளநீர் குடிக்கப் போனார்கள். ரேடியேட்டர் மூடியைப் போட்டுவிட்டு, தனசேகரை மட்டும் சீட்டில் உட்காரச் சொல்லி இன்ஜினை ஓட விட்டேன். சூடு ஏறியதும் ஆக்ஸிலேட்டரை மிதித்து அப்படியே பிடிக்கச் சொன்னேன். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, காற்றாடிக்கு எட்டாமல் குனிந்து உள்ளே பார்த்தேன்.

ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்புக்குப் போகும் ரப்பர்க் குழாய், நாங்கள் கீழ் ஓஸ் என்பது, என் கண் முன்னாலேயே ஒட்டிப் படிந்தது. இளநீர் தீரும் நேரத்தில் பலமாக உறிஞ்சினால் குழல் ஒட்டிக்கொள்ளுமே, அதே மாதிரி. மிதியை விடச் சொன்னேன். ஓஸ் உருண்டு பழைய வடிவத்துக்கு வந்தது. மறுபடி மிதிக்கச் சொன்னேன். மறுபடி ஒட்டியது.

கம்பெனி போட்ட கீழ் ஓஸுக்குள் ஒரு கம்பிச் சுருள் இருக்கும். பம்ப் உறிஞ்சும்போது ரப்பர் ஒட்டிவிடாமல் அதுதான் தாங்கிப் பிடிக்கும். இதில் சுருள் இல்லை. ஓஸ் கறுப்பாக, பளபளவென்று, கிளிப்புகள்கூடத் துருப்பிடிக்காமல் இருந்தது. அதனால்தான் மாமல்லபுரத்து மெக்கானிக் அதைத் தொடாமல் தாண்டிப் போயிருக்கிறார். நானும் தாண்டித்தான் போயிருப்பேன். பழைய வண்டிக்குள் ஒரு புதுச் சாமானைப் பார்த்தால், இதுவாவது நல்லதாக இருக்கிறதே என்று கண் நகர்ந்துவிடும்.

தனசேகர் இந்த ஓஸை மாற்றவில்லை. அவருடைய மெக்கானிக் செய்த வேலைகளை எல்லாம் காலையிலேயே கேட்டிருந்தேன். அதில் ஓஸ் கிடையாது. மிச்சம் இருந்தது ஒருவர்தான். ஒன்றும் பண்ணவில்லை என்று அவர் வேகமாகச் சொன்னதும் நினைவுக்கு வந்தது.

அந்த நேரத்தில் ஓஸ் ஒட்டுவதைப் பார்த்தவன் நான் ஒருவன். தனசேகர் சீட்டில் இருந்தார், மற்றவர்கள் கடையில் இருந்தார்கள். அமுதா இளநீரை வைத்துக்கொண்டு குடிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறைக்குத் திரும்பியதும் பேச்சில்லாமல் ஓஸை மாற்றிவிட்டு, வால்வுதான் காரணம் என்று சொல்லியிருக்கலாம். வண்டியும் நிஜமாகவே சரியாகிவிடும். அமுதா கேட்ட பொய்யைவிட இது பத்திரமான பொய். ஆனால் தனசேகர் மனதில் ஹெட் விரிசல் அப்படியே இருக்கும். அடுத்த வருஷம் வேறொரு நட்டு கழன்றால் மறுபடி ஆரம்பிப்பார். நின்றுபோன பேச்சுக்கும் முடிந்துபோன பேச்சுக்கும் வித்தியாசம் உண்டு.

எல்லோரையும் கூப்பிட்டேன். ஒவ்வொருவராகக் குனிந்து பார்க்கச் சொன்னேன். மாமல்லபுரத்து மெக்கானிக் பார்த்தார். "அட, ஒட்டிகினு போவுது" என்றார். பிறகு தன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டார். தனசேகரை இறக்கி, அவர் இடத்தில் மெக்கானிக்கை உட்கார வைத்தேன். தனசேகர் நீண்ட நேரம் குனிந்திருந்தார்.

அதன் பிறகு நான் யாரையும் பார்க்காமல் கேட்டேன். "இது புது ஓஸ். மாட்டினவங்க எப்ப மாட்டினாங்க, எதுக்கு மாட்டினாங்கன்னு தெரிஞ்சா எனக்குப் போதும்."

கேள்வியை இப்படி அமைத்ததில் ஒரு காரணம் உண்டு. யார் என்று கேட்டால் குற்றவாளிதான் கிடைப்பார். எதற்கு என்று கேட்டால் சில சமயம் வேறு ஏதாவது கிடைக்கும்.

ஏகாம்பரம் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டிருந்தார். குழந்தையை மறு தோளுக்கு மாற்றிவிட்டுச் சொன்னார்.

"நாந்தான் மாத்துனேன். வண்டிய ஓட்டியாந்து வுடுறதுக்கு மொத நாளு. மேல் ஓஸு, கீழ் ஓஸு, பெல்ட்டு, எல்லாம் புதுசு. பழசு வெடிச்சி வழியில நின்னா அமுதாவும் கொயந்தையும் இல்ல ரோட்டுல நிப்பாங்க."

"காலையில ஒண்ணும் பண்ணலன்னியே?" என்றார் தனசேகர். கேட்டது நேராக அவரிடம். காலையிலிருந்து அதுதான் முதல் முறை.

"பண்ணேன்னு சொன்னா இன்னா சொல்லுவே? ஓட்டய மறச்சி பூசி மெழுகி வித்தான்னு சொல்லுவே. ஊர்ல பேசுனது பத்தாதா?"

 அப்படித்தான் சொல்லியிருப்பார் என்பதைத் தனசேகரே அறிவார்.

பழைய ஓஸுக்குள் ஒரு கம்பிச் சுருள் இருந்ததா என்று கேட்டேன். இருந்ததாம். அவர் ஊரில் பம்ப் செட் பழுது பார்க்கும் ஆள்தான் ஓஸ் மாட்டிக் கொடுத்தவர். சுருளை எடுத்துப் பார்த்து, வளையாமல் இருக்கக் கம்பெனிக்காரன் வைத்து அனுப்பியது, மாட்டின பிறகு தேவையில்லை என்று சொல்லியிருக்கிறார். புது ஓஸ் விறைப்பாகத்தான் இருந்தது. ஆனால் சூடு பட்டால் கடைத் தெரு ரப்பர் குழைந்துவிடும். ஊர்ச் சாலையில் மெதுவாக ஓட்டியிருந்தால் வருஷக் கணக்கில் தெரியாமலே போயிருக்கும். இந்தப் புதுச் சாலையின் வேகம்தான் அதைக் காட்டிக்கொடுத்தது.

"அந்தச் சுருள் இப்ப எங்க?" என்றேன்.

"வூட்ல கீது. அவரக்காப் பந்தல்ல கட்டி வுட்டிக்கிறேன். கொடி நல்லா சுத்திகினு ஏறுது."

மாமல்லபுரத்து மெக்கானிக்தான் முதலில் வெடித்தார். இளநீர்க்காரர் என்ன விஷயம் என்று தெரியாமலே சிரித்தார். அமுதா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு திரும்பி நின்றார். சிரிப்பா வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை.

தனசேகர் சிரிக்கவில்லை. திரும்பவும் வண்டிக்குள் குனிந்து, மேல் ஓஸைத் தொட்டுப் பார்த்தார். பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"பெல்ட்டும் நீ போட்டதா?"

"ஆமா."

"நான் கூட நெனச்சேன், பழைய வண்டிக்கு பெல்ட்டு நல்லா கீதேன்னு." வண்டியின் மூடியை இறக்கி அழுத்திச் சாத்தினார். "வெயில்ல நிக்காதே. கொயந்த எயிந்துக்கப் போவுது. ஏறு மச்சான்."

அமுதா மிச்ச இளநீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

மெதுவாகவே பட்டறைக்குத் திரும்பினோம். வரும் வழியில் முள் அசையவில்லை. என்னிடம் கழித்துப் போட்ட வண்டி ஒன்றின் சுருள் இருந்தது. அதைத் துருத் தேய்த்து, தடித்த ஓஸ் ஒன்றில் நுழைத்து மாட்டினேன். கழற்றிப் போட்ட தெர்மோஸ்டாட் வால்வையும் பழையபடி பொருத்தினோம். அதை மாமல்லபுரத்து மெக்கானிக்கே செய்தார். நம் ஊர் வெயிலுக்கு வால்வு எதற்கு என்று நம்மில் பலர் இன்னும் கழற்றி எறிகிறார்கள். அந்த விவாதத்தை நீங்கள் உங்கள் மூத்தவர்களோடு நடத்திக்கொள்ளுங்கள். சாயங்காலம் தனசேகரும் ஏகாம்பரமும் மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு புதுச் சாலையில் ஓட்டிப் பார்க்கப் போனார்கள். திரும்பி வந்து மூடியைத் திறக்கவில்லை. தனசேகர் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு வந்ததைப் பார்த்ததும் முள் ஏறவில்லை என்று புரிந்துகொண்டேன்.

மூன்றாவது மெக்கானிக் என்ற முறையில் நான் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. வண்டி கைமாறியபோது இன்ஜினில் குறை இல்லை, ஓஸில் குறை இருந்தது, அதை விற்றவரும் அறியவில்லை என்று சொன்னேன். அப்படிச் சொன்னதில் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. தனசேகர் மறு வாரமே ஏகாம்பரத்தின் ஊருக்குப் போய், முன்பு கத்திய அதே டீக்கடையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்தார் என்று பிறகு அமுதா சொன்னார். அங்கே என்ன பேசினார் என்று அவர் சொல்லவில்லை. உட்கார்ந்ததே போதும் என்று ஊர் எடுத்துக்கொண்டதாம்.

தை மாதம் காதுகுத்துக்கு என்னையும் அழைத்தார்கள். பத்திரிகையில் தாய்மாமன் வரி நிரம்பியிருந்தது. கோயில் வாசலில் பச்சை ஜீப் மாலை போட்டு நின்றது. பழக்க தோஷத்தில் அடியில் குனிந்து பார்த்தேன். ஒழுக்கு ஏதும் இல்லை.

மேளத்தோடு தாய்மாமன் சீர் வந்தது. பட்டுப் பாவாடை, வளையல், வாழைத்தார், இனிப்பு, கல்கண்டு என்று பெண்கள் வரிசையாகத் தட்டு ஏந்தி வந்தார்கள். கடைசித் தட்டு மட்டும் ஏகாம்பரத்தின் கையிலேயே இருந்தது. வெற்றிலை பாக்குக்கு நடுவே, மண்ணெண்ணெயில் கழுவி, கேட்டுக்கு அடிக்கும் வெள்ளிப் பெயிண்ட் அடித்த கம்பிச் சுருள்.

தனசேகர் தட்டை வாங்கிப் பார்த்தார். "இன்னா மச்சான், சீர்ல இரும்பு சாமான்லாம் வருது?"

"வண்டியோடது தான் மாப்ளே. அன்னிக்கி குடுக்கசொல்ல இது ஒண்ணு வுட்டுப் போச்சி."

கூட்டத்தில் பாதிப் பேருக்கு இது புரியவில்லை. புரிந்தவர்கள் போதுமான அளவுக்குச் சிரித்தார்கள். காது குத்த வந்த ஆசாரி நேரமாகிறது என்றார். ஏகாம்பரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தனசேகர் மகளைத் தூக்கிக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார். அதற்குள் குழந்தை தட்டிலிருந்த சுருளை எடுத்துக்கொண்டுவிட்டது. முதல் காதில் குத்தியதும் கோயிலே அதிரும்படி அழுதது. சுருளை மட்டும் விடவில்லை. யாரும் வாங்கவும் இல்லை.